கிரஞ்ச் என்றால் நிர்வாணா மட்டும்தானா?

மூக்கண்டப்பள்ளியில் கிடார் வைத்திருக்கும் பையன்கள் பத்துப் பேரைப் பிடித்து, "கிரஞ்ச் பேண்ட் ஒன்று சொல்லு" என்று கேட்டால் ஒன்பது பேர் நிர்வாணா என்பார்கள். பத்தாவது ஆள் லிங்கின் பார்க் என்பான், அவனை மன்னித்து விடலாம் :-)

நிர்வாணாவின் பெருமையை யாரும் மறுக்கப் போவதில்லை. 1991 செப்டம்பரில் வந்த 'நெவர்மைண்ட்', 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தையே பில்போர்டு முதலிடத்திலிருந்து இறக்கியது. ஆனால் விற்பனை வேறு, செல்வாக்கு வேறு. வழி போட்டவர்கள் யார் என்று பார்த்தால் கதை வேறு மாதிரி போகிறது.

சியாட்டிலில் சௌண்ட்கார்டன் தொடங்கியது 1984-ல். கர்ட் கோபேன் அப்போது அபர்டீன் என்ற மரம் வெட்டும் ஊரில் பதினேழு வயசுப் பையன். அந்த சௌண்ட்கார்டனின் கிடாரிஸ்ட் கிம் தையில். பெயரைப் பார்த்ததும் பொறி தட்டுகிறதா? அவருடைய அப்பா அம்மா கேரளாக்காரர்கள்! 1960-ல் சியாட்டிலில் பிறந்து, சிகாகோ பக்கம் வளர்ந்து, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவர். சப் பாப் கம்பெனியை நடத்திய புரூஸ் பாவிட்டையும் ஜோனதன் போன்மேனையும் சேர்த்து வைத்ததில்கூட அவர் கை உண்டு. கிரஞ்சின் வேரில் ஒரு மலையாளி உட்கார்ந்திருக்கிறார், நம்ம ஊர் டி-ஷர்ட் கடைகளில் அவர் முகத்தைக் காணோம்.

அவர் கிடார் இழுவையைக் கேட்டதும் "ஆஹா, இந்திய ரத்தம், சிதார்!" என்று எழுதுவது சோம்பேறித்தனம். கிடாரின் தடித்த கம்பியை ஒரு முழு ஸ்வரம் இறக்கிக் கட்டும் 'டிராப் டி' வித்தை அவருக்கு வந்தது மெல்வின்ஸ் பேண்டின் பஸ் ஓஸ்போர்னிடமிருந்து. அப்படி இறக்கினால் ஒரே விரலால் மூன்று கம்பியையும் அழுத்தி கனமான சத்தம் எழுப்பலாம். வேகமாக வாசிக்கும் சாமர்த்தியம் தேவையில்லை, மெதுவாக நசுக்கினால் போதும். டேவ் குரோலை நிர்வாணாவுக்கு அறிமுகம் செய்ததும் இதே ஓஸ்போர்ன்தான். ஆக, அதிகம் விற்காத மெல்வின்ஸ்தான் எல்லோருக்கும் வாத்தியார்.

ஆலிஸ் இன் செயின்ஸின் இரட்டைக் குரல் தனி ரகம். பேர்ல் ஜாம் 1994-ல் டிக்கெட் விலைக்காக டிக்கெட்மாஸ்டரையே எதிர்த்து நின்றது. இவர்களைப் பற்றித் தனிப் பதிவே போடலாம்.

இதெல்லாம் ஓசூருக்கு எதற்கு என்று கேட்கலாம். அபர்டீனில் மரம், இங்கே சிப்காட். அங்கே பெரிய ஊர் சியாட்டில், இங்கே 40 கிலோமீட்டரில் பெங்களூர். ஷிப்ட் முடிந்து வரும் அலுப்பு இரண்டுக்கும் பொது. ஆனால் இங்கிருந்து பெங்களூர் போய் வாசிக்க நினைக்கிற பையன் முதலில் செய்வது அமெரிக்க உச்சரிப்பைப் பழகுவது. கிரஞ்ச்காரர்கள் செய்ததற்கு நேர் எதிர் இது. அவர்கள் போட்டிருந்த கட்டம் போட்ட சட்டை ஃபேஷன் இல்லை, அந்தக் குளிருக்கு அந்த ஊர்க்காரன் போடுகிற சட்டை.

தமிழில் முடியாது என்பதும் சாக்குதான். 2018-ல் சென்னையில் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், கானாவையும் ராக் கிடாரையும் ஒரே பாட்டில் வைத்து சாதியைப் பற்றிப் பாடியது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடையில் கேட்கிற ஊருக்கு மொழிப் பஞ்சமா?

காசும் பெரிய தடை இல்லை. நிர்வாணாவின் முதல் ஆல்பம் 'பிளீச்' 1989-ல் வந்தது. பதிவுச் செலவு 606 டாலர் 17 சென்ட். அதையும் ஜேசன் எவர்மன் என்ற நண்பர்தான் கொடுத்தார். ஆல்பத்தில் ஒரு ஸ்வரம்கூட வாசிக்காமலே அட்டையில் கிடாரிஸ்ட் என்று அவர் பெயரைப் போட்டார்கள். இன்று அந்த வேலையைப் பாதி ஒரு செல்போனே செய்யும். பழகிப் பார்க்க இடம் வேண்டுமென்றால், ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் ஷெட் ஒன்றை யாராவது மாமாவிடம் கேட்டு வாங்கினால் ஆயிற்று.