கடற்கரை வீதியில் கார்கள்

ஞாயிறு மாலைத் திருப்பலி முடிந்ததும், சென்னை பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி ஆலயத்திலிருந்து கார்ல் ஷ்மித் நினைவுச் சின்னம் வரை கடலோரமாக நடந்து செல்வது நம் நெடுநாள் வழக்கம். பிறர் கடலைப் பார்த்து நடப்பர். நாமோ வீதியோரம் நிற்கும் கார்களைப் பார்த்து நடப்போம். சிறு வயதில் தொற்றிய பழக்கம், தலை நரைத்த பின்னும் விட்டபாடில்லை.

அந்நாளில் இவ்வேடிக்கைக்குப் பெரிய அறிவு தேவைப்படவில்லை. அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் மூன்று பெயர்கள் போதும். 1983-இல் மாருதி 800 வந்தது. பின்னர் வந்தவை எண்ணில் அடங்கா. இன்று பச்சை எண் பலகை தாங்கிய மின்சாரக் கார்கள் ஓசையின்றி அருகில் வந்து நம்மைத் திடுக்கிட வைக்கின்றன. 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் ஒன்று எதிர்ப்பட்டால், பழைய நண்பரைக் கண்டாற்போல் நின்று விடுகிறோம்.

சென்ற மாதம் அவ்வாறு நம்மை நிறுத்தியது ஒரு ஹெரால்டு. நம் சென்னையிலேயே, வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் உருவான வண்டி அது. மட்கார்டுகளோடு முன்மூடி முழுவதும் முன்னோக்கித் திறக்கும் அழகே தனி! கடலோரத்தில் இரும்பு நெடுநாள் பிழைப்பதில்லை. காற்றில் வரும் உப்பு ஈரத்தைத் தகட்டில் தேக்கி வைக்க, வர்ணம் கீறிய இடமெல்லாம் துரு அரித்துவிடும். இந்த வண்டியிலோ ஒரு பொட்டுத் துருவும் இல்லை.

அதன் அருகே விலையுயர்ந்த புத்தம் புதிய வெளிநாட்டுக் கார் ஒன்று நின்றது. இளைஞர் பலர் சூழ்ந்து அதைப் படம் எடுத்தனர். நாமும் பார்த்தோம். உண்மையை ஒளிப்பானேன்? பார்வை வியப்பில் தொடங்கி ஏக்கத்தில் முடிந்தது. பத்தாம் கட்டளை அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அவ்வேளையில் முதியவர் ஒருவர் வந்து ஹெரால்டின் கதவைத் திறந்தார். கைத்தடி ஊன்றிய மூதாட்டியர் இருவரை மெல்ல அமரச் செய்தார். வண்டியைப் புகழ்ந்தோம். "எங்கள் அப்பா வாங்கியது ஐயா. இவர்கள் பக்கத்து வீட்டார்; பேருந்தில் ஏற முடியாது. ஞாயிறுதோறும் பூசைக்கு அழைத்து வருகிறேன். வீடு திரும்பியதும் அடிப்பாகம்வரை நல்ல தண்ணீரால் கழுவிவிடுவேன்" என்றார்.

1964-இல் பம்பாய் நற்கருணை மாநாட்டுக்கு வந்த திருத்தந்தை ஆறாம் பவுல், தாம் பயன்படுத்திய வெள்ளை லிங்கன் காரை அன்னை தெரேசாவுக்கு அளித்துச் சென்றார். அன்னை அதைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. பரிசுச் சீட்டு நடத்தி, கிடைத்த தொகையைத் தொழுநோயாளருக்கான சாந்தி நகருக்குச் செலவிட்டார். திருத்தந்தை பிரான்சிசும் 2017-இல் தமக்குப் பரிசாக வந்த லம்போர்கினி காரை ஏலத்துக்கே அனுப்பினார். 2018-இல் விற்ற அதன் பணம் அறப்பணிகளுக்குச் சென்றது.

அன்பு வாசகர்களே, கார் வைத்திருப்பது குற்றமன்று. அழகிய காரை ரசிப்பதும் குற்றமன்று. நம் வண்டியில், அது ஸ்கூட்டரே ஆயினும், பிறர்க்கு ஓர் இடம் உண்டா என்பதே கேள்வி. அன்று புதிய காரை மறந்து வீடு திரும்பினோம். மூதாட்டியர் இருவரோடு அசைந்து சென்ற அந்த ஹெரால்டு மட்டும் இன்னும் நம் கண்ணில் நிற்கிறது.