ஈவோர் இருவர், ஏற்போர் நாம்

வள்ளுவப் பெருந்தகை ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். இரவுக்கும் இரவச்சத்துக்குமாக இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். வகுப்பறையில் முன்னதை விரித்துரைக்கும் நாம் பின்னவற்றை விரைந்து கடந்துவிடுகின்றோம். பிற நாட்டார் உதவியைப் பற்றிப் பேசும்போதும் அவ்வாறே. யப்பான் நல்லதா, சீனா நல்லதா என்னும் வாதம் தேநீர்க்கடை முதல் பத்திரிகைத் தலையங்கம் வரை ஓயாது நிகழ்கின்றது. நம்மவர் கேட்டது யாது என ஆராய்வோர் மிகச் சிலரே.

சீனாவோடு 1952ஆம் ஆண்டில் நாம் செய்த இறப்பர் – அரிசி ஒப்பந்தம் கொடையன்று, பண்டமாற்று. கொடையெனத் தக்கது 1973இல் திறக்கப்பட்ட பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபம். யப்பானின் கொடைக்கு ஸ்ரீ ஜயவர்த்தனபுர வைத்தியசாலை சான்று. 1951இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டிலே, யப்பானிடம் போர் நட்டஈடு வேண்டோம் என்று இலங்கை கூறிற்று. 1984இல் 1001 கட்டில்களோடு அவ்வைத்தியசாலை எழுந்தது. மண்டபத்தினும் வைத்தியசாலையே மேலென்பது என் கருத்து. எனினும் இரண்டும் நம்மேற் கடன் சுமத்தாதவை, இன்றும் பயன்படுபவை.

வேற்றுமை கடனிலேதான் விளங்கும். அம்பாந்தோட்டைத் துறைமுகத்தின் முதற் கட்டத்துக்குச் சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கி 2007இல் 307 மில்லியன் டொலர் கடன் தந்தது. வட்டி நூற்றுக்கு 6.3. யப்பானோ, கோட்டையிலிருந்து மாலபே வரையிலான இலகு ரயில் திட்டத்துக்கு 2019இல் நூற்றுக்கு 0.1 வட்டியில், நாற்பதாண்டுத் தவணையில் கடன் தர உடன்பட்டது. மாணவர் கணக்கிட்டுப் பார்க்கலாம்: 307 மில்லியனுக்கு ஆண்டொன்றின் வட்டி முன்னைய வீதத்தில் 19 மில்லியன் டொலருக்கு மேல், பின்னைய வீதத்தில் மூன்று இலட்சத்துச் சொச்சம்.

இக்கணக்கோடு யப்பானுக்கு வெற்றிமாலை சூட்டிவிடல் எளிது. ஆனால் அக்குறைந்த வட்டிக்கும் ஒரு விலையுண்டு. முதன்மை ஒப்பந்தகாரர் யப்பானியராய் இருத்தல் வேண்டும். பொருள்களில் ஒரு பங்கை அந்நாட்டிலேயே கொள்ளல் வேண்டும். மறுபுறம், 6.3 வீதத்தைச் சீனா மட்டும் விதிக்கவில்லை. உலகச் சந்தையோடு ஏறி இறங்கும் வட்டி, மாறாத வட்டி என இரண்டு வழிகள் காட்டப்பட்டன. உலக வட்டி உயரும் என்று எண்ணி மாறாததைத் தெரிந்தவர் நம்மவரே. பின்பு உலக வட்டி வீழ்ந்தது. 2017இல் அத்துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்கு 1.12 பில்லியன் டொலருக்குக் கொடுக்கப்பட்டது. கடனுக்கு ஈடாகச் சீனா அதனைக் கைப்பற்றிற்று எனப் பலரும் எழுதுகின்றனர், அது பிழை. குத்தகைப் பணம் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குச் சென்றது. கடன் கடனாகவே நின்றது.

அதே சீனக் கடனில் எழுந்ததுதான் 900 மெகாவாட் வலுவுடைய நுரைச்சோலை அனல் மின்நிலையம். அஃதின்றேல் நம் விளக்குகள் பல இரவு எரியா. அதே யப்பானின் இலகு ரயிற் கடனையோ, செலவு மிகுதி என்று கூறி 2020இல் நாமே இரத்துச் செய்தோம். கொடுத்தவர் இருவராயினும், நன்றும் தீதும் பெரும்பாலும் நம் தெரிவிலேயே பிறந்தன.

(நன்கொடை தரும் பழைய மாணவரும் பெயர்ப்பலகை பொறிக்கத்தக்க மண்டபத்தையே விரும்புவர், ஆய்கூடத்துக்கு ஆண்டுதோறும் வேண்டும் இரசாயனப் பொருளுக்குப் பலகை இல்லை. அதனைக் கேட்கும் துணிவு கல்லூரிக்கு வேண்டும் என்பதையும் இம்மலரிலே குறித்துவைக்கின்றேன்.)

பிழையான தெரிவின் சுமை எங்கே விழும் என்பதை ஆசிரியர் நன்கறிவர். 2022 மார்ச்சில், வாங்க அந்நியச் செலாவணி இன்மையாற் கடதாசி கிடையாது, மேல் மாகாணத்திலே தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. அடுத்த மாதமே வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. நாற்பதாண்டுத் தவணையில் இன்று கையொப்பமிடும் கடனை, ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை தன் ஐம்பதாம் வயதிலும் செலுத்திக்கொண்டிருப்பான்.

ஆதலின் என் வேண்டுகோள் ஒன்றே. எந்நாட்டாரிடம் பெறினும், கடன் உடன்படிக்கைகள் கையொப்பமாகுமுன் தமிழிலும் சிங்களத்திலும் முழுமையாக வெளியிடப்படல் வேண்டும். வட்டி, தவணை, ஒப்பந்தகாரர் பற்றிய நிபந்தனை, இரத்துச் செய்தால் நேரும் நட்டம் ஆகியவை அவற்றில் மறைவின்றி இருத்தல் வேண்டும். உயர்தர வகுப்புப் பொருளியல் மாணவரிடம் அவற்றைக் கொடுத்துக் கணக்குப் பார்க்கச் சொல்லலாம்.