புள்ளி வைப்பது ஆய்வாகிவிடாது

யாத்திரைத் தலங்களில் தொற்றுநோய் பரவும் விதத்தை வரைபடமாக்கும் ஆய்வுகள் பெருகிவருகின்றன. கைப்பேசித் தரவு, செயற்கைக்கோள் படம், சிவப்பாய் ஒளிரும் நெரிசல் எல்லாம் கண்ணுக்கு விருந்துதான். ஆயினும் அவற்றுட் பல, நோய் எங்கே தொற்றியது என்று கேட்பதில்லை. நோயாளி எங்கே கண்டறியப்பட்டார் என்பதையே குறிக்கின்றன. இதை வெறும் தொழில்நுட்பக் குறை என்று ஒதுக்க இயலாது. பழி இடம் மாறுவது இங்கேதான்.

புரியை எடுத்துக்கொள்வோம். ரத யாத்திரை ஏறத்தாழ ஒன்பது நாள் விழா. மாசுற்ற நீரால் பரவும் டைபாய்டு வெளிப்பட ஒன்று முதல் மூன்று வாரம் ஆகலாம். ஹெப்பாடைட்டிஸ் ஈ வெளிப்பட இரண்டு முதல் பத்து வாரம். அதற்குள் யாத்திரிகர் ராய்ப்பூருக்கோ கொல்கத்தாவுக்கோ திரும்பியிருப்பார். நம் நோய்க் கண்காணிப்பு மாவட்ட வாரியாகத் தொகுக்கப்படுவது. ஆகவே அவர் அந்த ஊர்க் கணக்கில் ஏறுவார். புரியின் குழாய் குற்றமற்றதாகிவிடும். மறுபுறம், விழா நாள்களில் அங்கேயே நோயுற்ற வெளியூராரையும் சேர்த்து எண்ணி, 2011 கணக்கெடுப்பின் சுமார் இரண்டு லட்சம் மக்கள்தொகையால் வகுத்தால் நகரமே நோய்க்கிடங்காகத் தோன்றும். இரண்டும் பொய்.

இப்பொய்க்கு நெடிய மரபு உண்டு. 1866இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய பன்னாட்டுச் சுகாதார மாநாடு, காலரா பரவலில் யாத்திரைகளின் மீது கவனத்தைக் குவித்தது. 1872இல் ஒரிசாவைப் பற்றி எழுதிய டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர், ஜகந்நாதரை நாடி வரும் ஏழை யாத்திரிகர் கூட்டம் லண்டனையும் வியன்னாவையும்கூடக் கொல்லக்கூடும் என எச்சரித்தார். யாத்திரிகரின் உடலே நோயின் இருப்பிடமாயிற்று. 2020இல் தப்லீக் ஜமாஅத் கூட்டத்தோடு தொடர்புடைய தொற்றுகளைத் தனியே எண்ணி அறிவித்தபோதும் இதே பார்வையே வேலை செய்தது. அதில் கலந்துகொண்ட வெளிநாட்டினர் பலிகடா ஆக்கப்பட்டனர் என்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு அதே ஆண்டு ஆகஸ்டில் கூறியது.

‘நெரிசல் நோயைப் பரப்பாதா?’ என்று கேட்பீர்கள். மூச்சுவழித் தொற்றில் நிச்சயம் பரப்பும். ஆனால் 2021 ஹரித்வார் கும்பமேளாவில் நடந்தது என்ன? சுமார் ஒரு லட்சம் கொரோனா பரிசோதனை முடிவுகள் போலியானவை என முதற்கட்ட விசாரணையில் தெரியவந்தது. அத்தகைய தரவின்மேல் எழுப்பும் எந்த மாதிரியும் மணல்வீடே.

1854இல் ஜான் ஸ்னோ லண்டனில் செய்ததை நாம் பாதிதான் கற்றோம். பிராட் தெருவிலிருந்து வெகு தொலைவில், ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு மூதாட்டி காலராவால் இறந்தார். அவர் வீட்டில் புள்ளி வைத்துவிட்டு ஸ்னோ நகரவில்லை, விசாரித்தார். பிராட் தெருக் குழாய் நீரை அம்மூதாட்டி விரும்பி வரவழைத்துக் குடித்தது தெரிந்தது. விலகி நின்ற அந்த ஒரு புள்ளியே வலுவான சான்றாயிற்று.

நாம் செய்யவேண்டியதும் அதுவே. ஒவ்வொரு நோயாளிப் பதிவிலும் கடந்த பத்து வாரப் பயணத்தைக் கேட்போம். வரைபடத்தில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் குறுக்கிடும் இடங்களைக் குறிப்போம். விழா முடிந்தபின் அக்கழிவை அள்ளும் தூய்மைப் பணியாளரையும் கணக்கில் சேர்ப்போம். 2021இல் வீட்டுக் குழாயிலேயே குடிக்கத்தக்க நீர் தரும் திட்டத்தைப் புரி நகரம் தொடங்கியது. அது நோயைக் குறைத்ததா என்பதை அந்நகரின் மருத்துவமனைப் பதிவுகள் மட்டும் சொல்லமாட்டா. திரும்பிச் சென்றவர்களின் ஊர்ப் பதிவுகளும் வேண்டும்.

அதுவரை நாம் வரைவது நோயின் வரைபடம் அன்று. நம் சந்தேகங்களின் வரைபடம்.