செருப்பு இல்லாத காலும் செருப்பைக் கழற்றிய காலும் ஒன்றல்ல

கொஞ்சம் நீளமான பதிவு. திட்ட வேண்டும் என்று தோன்றினால் கமெண்டில் தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நம் முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் பத்து நாளாக ஒரு விவாதம். பள்ளி விளையாட்டு விழாவில் ஓடும் பிள்ளைகளுக்கு ஷூ வாங்கித் தரலாம் என்று பணம் சேர்க்கத் தொடங்கினோம். டிரையத்லான் பயிற்சி எடுக்கும் நம் பிள்ளை ஒருவன், "ஷூ எதற்கு டீச்சர்? வெறுங்காலில் ஓடுவதுதான் இயற்கை. நானே இப்போது அப்படித்தான் ஓடுகிறேன். அந்தப் பணத்தில் டீ-ஷர்ட்டும் மெடலும் வாங்கலாம்" என்று எழுதினான். வரிசையாகக் கைதட்டல் போட்டீர்கள். நான் போடவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

விவரம் தெரியாத உறவினர்களுக்கு: டிரையத்லான் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தாமல் முடிக்க வேண்டும். ஒலிம்பிக்கில் 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். அதற்காக உழைக்கிற பிள்ளையை நினைத்து எனக்குப் பெருமைதான்.

அவன் சொல்வதில் உண்மையும் உண்டு. 2010-இல் ஹார்வர்டு பேராசிரியர் டேனியல் லீபர்மேனும் அவர் குழுவினரும் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சின்ன வயதிலிருந்தே வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் குதிகாலை ஊன்றாமல் முன்பாதத்தை ஊன்றுகிறார்கள், அதனால் தரை மோதும் அதிர்ச்சி குறைகிறது என்பது அதன் சாரம். 'பழகியவர்கள்' என்ற சொல்லை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். வெறுங்காலில் ஓடினால் காயமே வராது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

பழகாதவர்கள் திடீரென்று மாறினால்? அமெரிக்காவில் 2013-இல் வந்த ஓர் ஆய்வில், ஷூவோடு ஓடிப் பழகிய சிலரை, விரல் விரலாகப் பிரிந்த மெல்லிய காலணிக்கு 10 வாரத்தில் மாற்றிப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குப் பாத எலும்புக்குள் நீர்க்கோர்வை கூடியிருந்தது. அந்த வகைக் காலணி விற்ற வைப்ரம் நிறுவனம், அது காலுக்கு நல்லது என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக வந்த வழக்கை முடிக்க, 2014-இல் 37.5 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது.

குழுவில் எல்லோரும் அபேபே பிகிலா படத்தைப் போடுகிறீர்கள். எத்தியோப்பிய வீரர். 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் வெறுங்காலில் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் தங்கம் வென்றார். சரி. அடுத்த படத்தை ஏன் போடவில்லை? 1964 டோக்கியோவில் அதே பிகிலா ஷூ போட்டு ஓடினார். குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம்கூட ஆகாத உடம்போடு, 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் மறுபடியும் தங்கம். அந்த மூன்று நிமிடமும் ஷூ தந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெறுங்காலை அவர் ஒரு கொள்கையாக வைத்திருக்கவில்லை என்பது தெரிகிறதல்லவா?

நடிகர் மிலிந்த் சோமனையும் காட்டுகிறீர்கள். 2017-இல் புளோரிடாவில் அல்ட்ராமேன் போட்டியில் 84 கி.மீ. ஓட்டத்தை வெறுங்காலில் முடித்தவர். பாராட்டுக்குரியவர். ஆனால் அவர் வீட்டில் ஷூ இல்லாமல் ஓடவில்லை. வேண்டாம் என்று முடிவெடுத்து ஓடினார்.

நம் மதுரை ரேவதி வீரமணியும் வெறுங்காலில் ஓடியவர்தான். பாட்டி கூலி வேலை செய்து வளர்த்த பெண். ஷூ வாங்க வழியில்லாமல் அப்படி ஓடினார். பிறகு டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார், ஷூ போட்டுக்கொண்டு. நம் பள்ளிப் பிள்ளைகள் மிலிந்த் சோமன் வரிசையா, ரேவதி வரிசையா? நீங்களே சொல்லுங்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். மீஞ்சூரில் எந்தச் சாலையில் வெறுங்காலில் ஓடச் சொல்கிறீர்கள்? காட்டுப்பள்ளிக்கும் எண்ணூர் துறைமுகத்துக்கும் போகும் கன்டெய்னர் லாரிகள் ஓயாத சாலையிலா? அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையச் சாம்பல் படிகிற ஓரத்திலா? ஆணியும் கண்ணாடிச் சில்லும் கிடக்கிற மண்ணிலா? 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்தபோது, மீனவர்கள் வாளியும் கையுமாக அதை அள்ளியதைப் பார்த்தோம். வடசென்னைக்காரன் வெறுங்கையோடு அள்ளட்டும், அவன் பிள்ளை வெறுங்காலோடு ஓடட்டும், அதற்கு 'இயற்கை' என்று பெயரும் வைப்போம் என்றால், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

லட்சம் ரூபாய் சைக்கிள் வைத்திருப்பவர் ஷூவைக் கழற்றுவது பயிற்சி. கால் கீறினால் தடுப்பூசி, வலித்தால் பிசியோதெரபி என்று அவருக்கு வழி உண்டு. ஷூவே இல்லாத பிள்ளைக்கு அது பயிற்சி அல்ல, இல்லாமை. அரசு விலையில்லாக் காலணி கொடுப்பது உண்மை. அது பள்ளிக்குப் போய்வர. தினமும் ஓடிப் பழக அல்ல.

தம்பி, நீ வெறுங்காலில் ஓடு. புல் தரையில், ஈர மணலில், வாரத்தில் இரண்டு நாள், சில நிமிடம் என்று ஆரம்பித்து மெதுவாகக் கூட்டு. பாதத் தசைக்கு நல்லதுதான். தார் ரோடு வேண்டாம். உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை: சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைப் பார்த்துவிட்டு வெறுங்காலில் நடக்கத் தொடங்காதீர்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது. தெரியும்போது புண் ஆழமாகியிருக்கும்.

குழுவுக்கு என் வேண்டுகோள் இதுதான். மெடல் வேண்டாம், டீ-ஷர்ட் வேண்டாம். சேர்ந்த பணம் மொத்தமும் ஷூவுக்கே போகட்டும். ஒவ்வொரு பிள்ளையையும் செய்தித்தாள் மேல் நிற்க வைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு அளவெடுங்கள். விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் விட்டு வாங்குங்கள். வாங்கிக் கொடுத்த பிறகு, எந்தப் பிள்ளைக்காவது கழற்றிவிட்டு ஓட ஆசை வந்தால் ஓடட்டும். அது அந்தப் பிள்ளையின் விருப்பமாக இருக்க வேண்டும்.

என் பங்கை இன்று அனுப்பிவிட்டேன். கைதட்டியவர்கள் உங்கள் பங்கை அனுப்புங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர், மீஞ்சூர்