நிறைகுடம் கொஞ்சம் தளும்பட்டும்

திருவனந்தபுரத்திலுள்ள மண்டலப் புற்றுநோய் மையத்தின் கம்ப்யூட்டர்களுக்குள் 2024 ஏப்ரல் இறுதியில் மர்ம ஆசாமிகள் புகுந்தார்கள். கதிரியக்கச் சிகிச்சை சில நாட்கள் தடைபட்டது. கேரளத்திலிருந்தும் தென் தமிழகத்திலிருந்தும் வந்து காத்துக் கிடக்கும் நோயாளிகளுக்கு அந்தச் சில நாட்கள் சாதாரணமானவை அல்ல. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2016 ஆகஸ்டில், இதே நகரத்தின் வெள்ளையம்பலம் பகுதியில் ஒரு ஏடிஎம் அறையில், புகையைக் கண்டுபிடிக்கும் கருவி போன்ற ஒன்றைப் பொருத்தி கார்டு விவரங்களைத் திருடியது ரொமேனியக் கும்பல். பணம் மும்பையில் எடுக்கப்பட்டது.

இப்படி ஏதாவது நடந்தால் எழும் முதல் கேள்வி: யாரைக் கூப்பிடுவது?

டாக்டர் என்றால் மருத்துவக் கவுன்சிலின் பதிவு எண் உண்டு. வக்கீலுக்கு பார் கவுன்சில் இருக்கிறது. கம்ப்யூட்டர் பாதுகாப்பு ஆலோசகருக்கு அப்படி எதுவும் கிடையாது. விசிட்டிங் கார்டு அச்சடித்தால் போதும், நிபுணர்தான். மத்திய அரசின் ‘செர்ட்-இன்’ அமைப்பு பாதுகாப்புத் தணிக்கையாளர்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. ஆனால் அது நிறுவனங்களுக்கான பட்டியல். தனியாளுக்கு அதில் இடமில்லை.

1990இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க்கால் இந்த நகரத்தில் கம்ப்யூட்டர் அறிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனிக்குள் இருக்கும்வரை கம்பெனியின் பெயரே அவர்களுக்கு அடையாளம். ராஜினாமா செய்துவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கும் அன்றுதான் பிரச்னை ஆரம்பம். இனி அவரேதான் கம்பெனி, அவரேதான் விளம்பரம்.

இதில் ஒரு விசித்திரச் சிக்கல் இருக்கிறது. கட்டடக்கலைஞர் தான் கட்டிய வீட்டைக் காட்டலாம். பாதுகாப்பு ஆலோசகர் எதைக் காட்டுவார்? நடக்காத திருட்டையா? அவருடைய வெற்றி என்பது ஒன்றுமே நிகழாமல் இருப்பது. போதாக்குறைக்கு, வாடிக்கையாளரின் ஓட்டைகளை வெளியே சொல்லமாட்டேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டிருப்பார். ஆக, நிறைய வேலை செய்தவரால் அதிகம் பேச முடியாது. காப்பாற்ற வேண்டிய ரகசியம் எதுவும் இல்லாதவரோ தாராளமாகப் பேசலாம்.

பேச்சு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு அங்கித் ஃபாடியா ஒரு பாடம். பள்ளி மாணவராக இருந்தபோதே, 2001இல், ஹேக்கிங் பற்றி அவர் எழுதிய புத்தகத்தை மேக்மில்லன் வெளியிட்டது. பத்திரிகைகள் கொண்டாடின. பயிற்சி வகுப்புகள், சான்றிதழ்கள், எம்டிவியில் நிகழ்ச்சி என்று புகழ் வளர்ந்தது. துறையில் இருந்தவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: சாதனைகளுக்கு ஆதாரம் எங்கே? 2012இல் அமெரிக்காவின் ‘டெஃப்கான்’ ஹேக்கர் மாநாடு அவருக்கு அந்த ஆண்டின் பாதுகாப்புத் துறைப் போலி என்று கேலிப் பட்டம் சூட்டியது. டிஜிட்டல் இந்தியா திட்டத்தின் விளம்பரத் தூதர் அவர் என்று 2015இல் செய்தி பரவியபோது சர்ச்சை எழுந்தது. அவருடைய புத்தகத்தைப் படித்து இந்தத் துறைக்கு வந்த இளைஞர்களும் உண்டு. ஆனால் ஆர்வத்தைத் தூண்டுவது வேறு, ஆஸ்பத்திரியின் சர்வரைக் காப்பது வேறு.

எதிர் உதாரணம் திருவனந்தபுரத்தின் பக்கத்து மாவட்டத்திலேயே கிடைக்கிறது. கொல்லத்தைச் சேர்ந்த பொறியியல் மாணவர் அருண் சுரேஷ்குமார், ஃபேஸ்புக்கில் யாருடைய பக்கத்தையும் கைப்பற்றிவிடக்கூடிய ஓட்டையை 2016இல் கண்டுபிடித்தார். முதலில் கம்பெனிக்குச் சொன்னார். ஃபேஸ்புக் அதை அடைத்து, 16,000 டாலர் பரிசளித்தது. தமிழகத்தின் லக்ஷ்மண் முத்தையா 2019இல் இன்ஸ்டாகிராமைச் சோதித்தார். மறந்துபோன பாஸ்வேர்டை மாற்ற வரும் ஆறு இலக்க எண்ணுக்கு 10 நிமிடம்தான் ஆயுள். சாத்தியமான எண்களோ 10 லட்சம். ஆயிரம் கம்ப்யூட்டர் முகவரிகளிலிருந்து 2 லட்சம் எண்களை அனுப்பி, முயற்சிகளுக்கு இருந்த கட்டுப்பாட்டை மீற முடியும் என்று நிரூபித்தார். பரிசு 30,000 டாலர்.

இவர்கள் விஷயத்தில், “நான் கெட்டிக்காரன்” என்று சொன்னவர் வேறு ஒருவர். ஓட்டை யாருடையதோ, அந்தக் கம்பெனியே ஒப்புக்கொண்டு பணமும் கொடுத்தது. இதைவிடப் பெரிய நற்சான்று இல்லை.

ஆனால் இதைப் பார்த்து, அனுமதியில்லாமல் கண்ட இடத்தில் கதவைத் தட்டுவது ஆபத்து. ஃபேஸ்புக் போன்ற கம்பெனிகள் விதிமுறை வகுத்து, சோதிக்க வாருங்கள் என்று அழைப்பு விடுத்தவை. உள்ளூர் வங்கியோ ஆஸ்பத்திரியோ அப்படி அழைக்கவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66ஆம் பிரிவுகளின்படி, தீய நோக்குடன் அனுமதியின்றி நுழைந்தால் மூன்றாண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். “உங்கள் பூட்டைத் திறந்து பார்த்தேன், என்னை வேலைக்கு வையுங்கள்” என்பது விளம்பரம் அல்ல. கேட்பவர் காதில் மிரட்டலாகத்தான் விழும். தற்செயலாக ஓட்டை கண்ணில் பட்டால் செர்ட்-இன்னிடம் தெரிவிக்க வழி இருக்கிறது.

நேர்மையான வழிகள் மெதுவானவை. கிட்டத்தட்ட 24 மணி நேரம் நிஜமாகவே கம்ப்யூட்டர்களை உடைத்துக் காட்டி, பிறகு அறிக்கையும் எழுத வேண்டிய ‘ஓஎஸ்சிபி’ போன்ற தேர்வு, சரியான விடைக்கு டிக் அடிக்கும் தேர்வைவிட அதிகம் பேசும். 2016இல் டெக்னோபார்க்கில் கேரள போலீஸ் தொடங்கிய ‘சைபர்டோம்’, வெளியிலிருக்கும் நிபுணர்களையும் தன்னார்வலர்களாகச் சேர்த்துக்கொண்டது. அத்தகைய இடத்தில் செய்த வேலைக்குச் சாட்சிகள் இருப்பார்கள்.

வாடிக்கையாளருக்கும் கடமை உண்டு. பெயர்களை நீக்கிய பழைய அறிக்கை ஒன்றைக் காட்டச் சொல்லலாம். முன்பு வேலை கொடுத்த இருவரிடம் பேசலாம். முக்கியமாக, “உங்களுக்குத் தெரியாதது என்ன?” என்று கேட்கலாம். இதற்கு பதில் வைத்திருப்பவரை நம்பலாம். நூறு சதவீதம் பாதுகாப்பு என்று உத்தரவாதம் தருபவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

நிறைகுடம் தளும்பாது என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நிறைகுடங்கள் எல்லாம் மூலையில் மௌனமாக இருந்தால், அவசரத்தில் ஓடி வருபவர் கைக்குக் கிடைப்பது சத்தம் போடும் காலிக்குடம்தான். அந்தத் தவறுக்கு விலை கொடுப்பவர் ஆலோசகர் அல்ல, தன் முறைக்காக வரிசையில் உட்கார்ந்திருக்கும் நோயாளி. வேலை தெரிந்தவர் தன்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்வதில் தப்பில்லை, நாலையும் அடுத்தவர் சரிபார்க்க முடிந்தால்.