மூடும்போது முரண்டு பிடித்த தபால்பெட்டி

இரவில் சமையலறையை மூடுவது எவ்வளவு பெரிய வேலை என்பது நமக்குத்தான் தெரியும், இல்லையா சகோதரிகளே? பாலுக்கு உறை குத்தி, மீந்த குழம்பைச் சுட வைத்து, அடுப்பைத் துடைத்து, காஸை மூடி... பார்ப்பவர்களுக்கோ, "விளக்கை அணைத்தாள்", அவ்வளவுதான்! கம்ப்யூட்டரில் ஈ-மெயில் பார்க்கும் புரோகிராமுக்கும் இதே கதைதான் என்பது எனக்குச் சென்ற மாதம்தான் புரிந்தது.

என் பெண் கல்யாணமாகி டொரண்டோ போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது. அவள் மசக்கையில் பட்ட பாடு, பேரன் முதல் அடி வைத்தது எல்லாமே என் கம்ப்யூட்டரில் கடிதங்களாக இருக்கின்றன. ஒரு நாள் படித்துவிட்டு மூடினேன். 'இயக்கம் நின்றுவிட்டது' என்று ஓர் அறிவிப்பு வந்து விழுந்தது. மறுபடி திறந்தால், 'ஏற்கெனவே திறந்திருக்கிறது' என்று பிடிவாதம்! தினமும் இதே கூத்து. படிக்கும் வரை சமர்த்து, மூடும்போது மட்டும் முரண்டு.

"இதுக்குப் போய் ஏன் இவ்வளவு கவலை?" என்று என் வீட்டுக்காரர் சுவர் ஸ்விட்சையே அணைத்துவிட்டார். எதிர் வீட்டு மருமகளிடம் சொன்னேன். கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவள், கைக்குழந்தைக்காக லீவில் இருக்கிறாள். பதறிப் போனாள்.

"ஐயோ அம்மா! மூடும்போதுதான் அது எல்லாத்தையும் எழுதி வைக்கும், குப்பையைக் காலி பண்ணும், இணைப்பைத் துண்டிக்கும். நடுவுல கரண்டை நிறுத்தினா, கடிதம் இருக்கிற ஃபைலே கெட்டுப் போகலாம்."

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்து பார்த்தாள். "உங்க கணக்கு 'பாப்' முறையில இருக்கு. கடிதம் இங்கே இறங்கினதும் அங்கே அழிஞ்சுடற மாதிரி வெச்சிருக்கீங்க. உங்களுக்கு வந்ததெல்லாம் இந்த ஒரு இடத்துலதான் இருக்கு!"

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. "முதல்ல பிரதி எடுப்போம், மத்ததெல்லாம் அப்புறம்" என்றாள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினாள். 'டாஸ்க் மேனேஜர்' வந்தது. உள்ளே சிக்கிக் கிடந்த புரோகிராமைத் தேர்ந்தெடுத்து, 'எண்ட் டாஸ்க்' கொடுத்து முழுவதுமாக நிறுத்தினாள். பிறகு கடிதங்கள் உள்ள ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் நகல் எடுத்தாள். எனக்கு உயிர் வந்தது.

குழந்தைக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டிக்கொண்டே சொன்னாள்: "புதுச் சாப்பாடு எதுவானாலும் ஒண்ணொண்ணாத்தான் குடுக்கணும், நடுவுல சில நாள் இடைவெளி விடணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். அப்பத்தான் எது ஒத்துக்கலைன்னு தெரியும். இதுக்கும் அதே பத்தியம்தாம்மா."

புரோகிராமோடு நாம் சேர்க்கும் உபரிச் சாமான்களை 'ஆட்-ஆன்' என்கிறார்கள். அவற்றை ஒதுக்கிவிட்டுத் திறந்து பார்க்க வழி உண்டு. தண்டர்பேர்ட் என்றால் 'ஹெல்ப்' மெனுவில் 'ட்ரபிள்ஷூட் மோட்'. பழைய முறை அவுட்லுக் என்றால் கன்ட்ரோல் விசையை அழுத்தியபடியே திறந்தால் 'சேஃப் மோட்' வேண்டுமா என்று கேட்கும். அப்படித் திறந்து மூடினோம். சத்தமில்லாமல் மூடிக்கொண்டது! ஆக, குற்றவாளி ஆட்-ஆன்தான்.

என் பிள்ளை ஐந்து ஆட்-ஆன் சேர்த்து வைத்திருந்தான். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகச் சேர்த்துத் திறந்து மூடினோம். நாலாவதில் மாட்டிக்கொண்டது. புரோகிராம் புதிதாக மாறியிருக்க, அது மட்டும் பழசாகவே நின்றுவிட்டதாம். எடுத்தெறிந்தோம்.

போகும்போது இன்னொன்றும் சொன்னாள். சில புரோகிராம்களில் நாம் அழித்த கடிதங்கள் கண்ணில்தான் படாது, ஃபைலுக்குள் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அவ்வப்போது ஃபோல்டர் மேல் வலது பக்கம் கிளிக் செய்து 'காம்பேக்ட்' கொடுக்க வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு பிரதி அவசியம். இப்போதெல்லாம் மாதத்தின் முதல் தேதி மளிகை லிஸ்ட் போட்ட கையோடு பென் டிரைவில் நகல் எடுத்து பீரோவில் வைத்துவிடுகிறேன்.

அந்த நாலாவது ஆட்-ஆன் என்னவென்று சொல்லவில்லையே? பிறந்த நாட்களை ஞாபகப்படுத்துவதாம்! பேரன் பிறந்த நாள் பாட்டிக்கு மறந்தா போகும்?