அடக்க விலை: பள்ளி கேட்காத கேள்வி

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தில் தமிழ்நாட்டின் தொழில்துறைத் தொகுப்புகளைப் பற்றி ஒரு பாடம் உண்டு. சிப்காட், சிட்கோ, டிட்கோ ஆகியவை எதற்காகத் தொடங்கப்பட்டன, வாகனத் தொழில் எங்கே வேரூன்றியது, தோல் தொழில் எங்கே, பட்டாசு எங்கே, தொழில்முனைவோர் என்றால் யார் என்பதெல்லாம் அதில் வருகிறது. அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ படிக்கும் பிள்ளை அந்தப் பாடத்தை நெட்டுருப் போட்டு முழு மதிப்பெண் வாங்கிவிட முடியும். ஆனால், ஒரு பொருளின் அடக்க விலை என்ன, அதை என்ன விலைக்குக் கொடுத்தால் கட்டுப்படியாகும் என்று கணக்குப் போடத் தெரியுமா என அந்தப் பிள்ளையை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. எட்டாம் வகுப்பு வாழ்வியல் கணிதத்தில் லாப நட்டமும் தள்ளுபடியும் கூட்டு வட்டியும் வந்துபோகின்றன. பத்தாம் வகுப்புக் கணிதம் முக்கோணவியலுக்கும் அளவியலுக்கும் போய்விடுகிறது. எட்டாம் வகுப்பில் படித்தது நின்றதா, கரைந்ததா என்று பார்க்க வழியில்லை. பதினொன்றாம் வகுப்பில் சேரும் எல்லா மாணவர்களுக்கும், எந்தப் பிரிவை எடுத்திருந்தாலும், சிறுதொழில் அடிப்படைகளில் ஒரு மதிப்பீட்டைத் தமிழ்நாடு அரசு நடத்த வேண்டும். அதைச் சென்னையின் மேற்குப் புறநகர்ப் பள்ளிகளில் தொடங்க வேண்டும் என்பது நம் நிலைப்பாடு.

மேற்குப் புறநகர் ஏன்? இந்தப் பகுதியின் பிழைப்பே சிறுதொழில்தான். 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை, இன்றும் நாட்டின் பெரிய சிறுதொழில் பேட்டைகளில் ஒன்று. ஆவடியில் 1961இல் வந்த கனரக வாகனத் தொழிற்சாலை, பாடியைச் சுற்றி எழுந்த வாகன உதிரிபாக ஆலைகள், பூந்தமல்லியை அடுத்த திருமழிசைப் பேட்டை, திருமுல்லைவாயலில் பெண்களுக்கென்றே அமைந்த சிட்கோ பேட்டை என இந்த வட்டாரத்தின் வரைபடமே ஜாப் ஆர்டர் பட்டறைகளால் நிரம்பியது. பெரிய ஆலையில் ஆபரேட்டராக இருந்தவர் வெளியே வந்து, கடன் வாங்கி ஒரு லேத் போட்டு, இரண்டு பேரை வைத்துக்கொண்டு முதலாளியாவது இங்கே புதிதல்ல. அரசும் அதைத்தான் ஊக்குவிக்கிறது. மாநில அரசு வேலையற்ற இளைஞர்களுக்கு மானியக் கடன் தரும் திட்டத்துக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியும் 18 வயதும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். மத்திய அரசின் பிரதமர் வேலைவாய்ப்புத் திட்டத்திலோ, பத்து லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட உற்பத்தித் தொழிலுக்கே எட்டாம் வகுப்புதான் கல்வித் தகுதி. எட்டாம் வகுப்பை நம்பி லட்சக்கணக்கில் கடன் கொடுக்கும் அரசு, அந்த எட்டாம் வகுப்பு எதைக் கற்றுக்கொடுத்திருக்கிறது என்று ஒருமுறையாவது அளந்து பார்க்க வேண்டாமா?

மேல்நிலையில் வணிகவியலும் கணக்குப்பதிவியலும் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, நன்றாகவே எழுதப்பட்ட பாடநூல்கள் அவை. சிக்கல் அவை யாருக்குப் போய்ச் சேர்கின்றன என்பதில்தான். வணிகவியல் பிரிவை எடுத்த மாணவர் குறிப்பேட்டில் தொடங்கி, பேரேடு, இருப்பாய்வு, கூட்டாண்மைக் கணக்கு எனப் போய் பெரும்பாலும் இன்னொருவரின் கணக்கை எழுதும் வேலையில் அமர்கிறார். அடிப்படை இயந்திரவியல் தொழிற்கல்விப் பிரிவையோ, அம்பத்தூர் அரசு ஐடிஐயையோ, பாலிடெக்னிக்கையோ நோக்கிப் போகிற மாணவரே நாளைக்குப் பட்டறை போடப் போகிறவர். அவருக்குப் பற்று வரவு என்றால் என்னவென்று சொல்வார் இல்லை. கடையோ பட்டறையோ நடத்தப் போகிற கைகளுக்கு எட்டாத இடத்தில் அந்த அறிவை வைத்திருக்கிறோம்.

அளந்து பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. கற்றல் நிலையை அளக்கும் ஏசர் ஆய்வு, 2023ஆம் ஆண்டில் 14 முதல் 18 வயது வரையிலான 34,745 பேரை நாட்டின் 28 மாவட்டங்களில் சந்தித்தது. கழித்தலாவது செய்யத் தெரிந்தவர்களிடம் மட்டும் அன்றாடப் பணக் கணக்குகளைக் கொடுத்தார்கள். வரவு செலவுத் திட்டமிடலை 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சரியாகச் செய்தார்கள். தள்ளுபடிக் கணக்கை ஏறத்தாழ 37 சதவீதம் பேர் செய்தார்கள். வாங்கிய கடனை வட்டியோடு எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற கணக்கைச் சரியாகப் போட்டவர்கள் 10 சதவீதம் அளவில்தான். அது கிராமப்புற ஆய்வு. அம்பத்தூருக்கு அப்படியே பொருந்தும் என்று வாதிட மாட்டோம். ஆனால் அந்தக் கடைசி எண் புறநகரில் எதைக் குறிக்கும் என்று யோசிக்க வேண்டும். பூந்தமல்லிச் சாலையோரத்தில் தள்ளுவண்டி போடுபவருக்கு வங்கிக்கு முன்னால் கிடைப்பது தண்டல். 10,000 ரூபாய் என்று எழுதி 9,000 கையில் கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய்தானே வட்டி, பத்து சதவீதம்தானே என்று தோன்றும். அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டு வட்டி 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. வேறு வழியில்லாமல் வாங்குபவர் வாங்கத்தான் செய்வார். எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்குவதற்கும் தெரியாமல் வாங்குவதற்கும் நடுவில் ஒரு குடும்பத்தின் முதல் நிற்கிறது.

நாம் கேட்கும் மதிப்பீடு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி வினா. ஒரு லேத் பட்டறைக்குப் பீஸ் ஒன்றுக்கு 14 ரூபாய் கூலி. மாதம் 10,000 பீஸ். வாடகை 18,000, கரண்ட் பில் 16,000, இரண்டு பேர் சம்பளம் 44,000, டூலுக்கும் ஆயிலுக்கும் 15,000, மெஷின் கடன் தவணை 22,000. கையில் மிஞ்சுவது எவ்வளவு? வரவு 1,40,000, செலவு 1,15,000, மிச்சம் 25,000 என்று ஒரு மாணவர் எழுதலாம். கூட்டல் கழித்தல் அத்தோடு முடிந்தது. அடுத்த கேள்வியில்தான் தொழில் தொடங்குகிறது. கம்பெனி கூலியை 12 ரூபாயாகக் குறைக்கச் சொல்கிறது, ஒப்புக்கொள்ளலாமா? இரண்டு ரூபாய்தானே என்பவர், மிச்சம் 25,000இலிருந்து 5,000 ஆகச் சரிவதைப் பார்க்கத் தவறியவர். பட்டறைக்காரர் தானும் தினம் பத்து மணி நேரம் மெஷினில் நிற்கிறார்; வேறிடத்தில் அதே வேலைக்கு 25,000 சம்பளம் கிடைக்கும் என்றால் பழைய கூலியிலேயே அவருக்கு லாபம் உண்டா? ஆண்டு வரவு 16 லட்சத்து 80 ஆயிரம். சேவைக்கான ஜிஎஸ்டி வரம்பு 20 லட்சம். பதிவு கட்டாயமில்லை. ஆனால் ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஆர்டர் தர மாட்டோம் என்கிறது கம்பெனி. பதிவு செய்துகொண்டால், பில் பணம் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த மாதமே வரியைக் கட்டியாக வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்து வரும்? கம்பெனி 90 நாள் கழித்துப் பணம் கொடுத்தால் சட்டம் என்ன சொல்கிறது? 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் சிறு நிறுவனத்துக்கான பாக்கியை 45 நாளுக்கு மேல் இழுத்தடிக்கக் கூடாது. இழுத்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. அந்தப் பாதுகாப்பைப் பெற உத்யம் பதிவு தேவை. அந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் போலி இணையதளங்களில் ஏமாறாமல் இருப்பதும் ஓர் அறிவுதான், அதையும் வினாவாக்கலாம்.

பிள்ளைகளுக்கு இன்னொரு தேர்வா என்ற எதிர்ப்பு நியாயமானது. தேர்வு என்ற சொல்லைக் கேட்டாலே வீடு பதறுகிற மாநிலம் இது. அதனால்தான் மதிப்பெண் பட்டியலில் ஏறாத, பெயர் பதியாத, ஒரு மணி நேர மதிப்பீடாக இதைக் கேட்கிறோம். 2025 தொடக்கத்தில் மாநிலத் திட்டக் குழு மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளில் நடத்திய கற்றல் அடைவு ஆய்வு இதற்கு முன்மாதிரி: அது எந்தப் பிள்ளையையும் ஃபெயிலாக்கவில்லை, எந்த மாவட்டம் எதில் பின்தங்கியிருக்கிறது என்று காட்டியது. அதே ஆண்டு வந்த மாநிலக் கல்விக் கொள்கையையொட்டிப் பதினொன்றாம் வகுப்புப் பொதுத் தேர்வும் நீங்கிவிட்டது. இப்படி ஒரு மணி நேர மதிப்பீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஆண்டு கிடைக்காது. எண்களை ஆண்டுதோறும் மாற்றினால் நோட்ஸ் போட்டு விற்பவர்களுக்கும் இதில் பெரிய வேலை இருக்காது.

இன்னோர் எதிர்ப்பு ஆழமானது. தமிழ்நாட்டில் அதற்கு வரலாறும் உண்டு. பள்ளிக்குள் தொழில் என்ற பேச்சு வந்தாலே 1953ஆம் ஆண்டின் குலக்கல்வித் திட்டம் நினைவுக்கு வரும், வரவும் வேண்டும். பாதி நாள் பள்ளி, மீதி நாள் தகப்பன் தொழில் என்று சொன்ன அந்தத் திட்டத்தை 1954இல் காமராசர் முதல்வரானதும் கைவிட்டார்கள். அதே அச்சத்தில்தான் மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தை ஏற்க மறுத்து, கலைஞர் கைவினைத் திட்டத்தை மாநில அரசு கொண்டுவந்தது. அந்த எச்சரிக்கையோடு நாம் முழுக்க உடன்படுகிறோம். ஆனால் வணிக அறிவு இன்று எப்படிக் கைமாறுகிறது என்று பாருங்கள். அன்று நகரத்தார் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த சிறுவன், சில ஆண்டுகளில் வட்டிக் கணக்கும் பேரேடும் கற்றுத் தேறினான். கல்லாவுக்குப் பக்கத்தில் வளரும் பிள்ளை இன்றும் அப்படித்தான் கற்கிறது: எந்தச் சரக்கைக் கடனுக்குக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது, பேரம் எங்கே முடிய வேண்டும் என்பதெல்லாம் வீட்டுச் சோற்றோடு சேர்ந்து வருகிறது. வணிகக் குடும்பத்தில் பிறக்காத பிள்ளைக்கு, குறிப்பாக முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு, அந்தக் கல்லா கிடையாது. பிறப்பால் வருகிற அறிவாக இது இருப்பதே குலக்கல்வியின் மிச்சம். எல்லாப் பிள்ளைகளுக்கும் அதைப் பொதுவாக்கி, எல்லோரிடமும் அது சேர்ந்ததா என்று அரசே சரிபார்ப்பது அந்த மிச்சத்தைக் கரைக்கும் வேலை. பெண்பிள்ளைகளுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். தொழில் உள்ள வீட்டிலும் கணக்குச் சாவி பெரும்பாலும் மகனிடம்தான் போகிறது.

அரசு ஏற்கெனவே எவ்வளவோ செய்கிறதே என்பார்கள். நான் முதல்வன் திட்டம் வழிகாட்டுகிறது. தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் பள்ளிகளில் புத்தாக்கப் போட்டி நடத்துகிறது. தேசிய நிதிக் கல்வி மையம் விரும்புவோருக்குத் தேர்வு வைக்கிறது. டெல்லி அரசு 2021இல் மேல்நிலை மாணவருக்குத் தலா 2,000 ரூபாய் வரை விதைப்பணம் கொடுத்துப் பார்த்தது. இவற்றை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் போட்டி என்பது பத்துப் பேரின் யோசனையை மேடையேற்றும்; மீதி தொண்ணூறு பேருக்குச் சதவீதம் தெரியுமா என்று சொல்லாது. இலங்கையில் சாதாரண தரத் தேர்வுக்கு வணிகமும் கணக்கீடும் ஒரு விருப்பப் பாடம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பதினாறு வயதுப் பிள்ளைகள் அதைத் தமிழிலேயே எழுதுகிறார்கள். இந்த வயதுக்கு இது அதிகம், தமிழில் இது முடியாது என்ற இரு வாதங்களுக்கும் அதுவே பதில்.

ஆசிரியர்களுக்கே ஜிஎஸ்டி தெரியாதே என்ற கவலையும் உண்மைதான். அதற்காக மதிப்பீட்டைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. எங்கே பயிற்சி தேவை என்பதை அந்த முடிவே காட்டும். மேல்நிலைப் பள்ளிகள் பலவற்றில் வணிகவியல் ஆசிரியர் இருக்கிறார். அவருடைய வாரத்தில் இரண்டு பாடவேளையை அறிவியல், தொழிற்கல்விப் பிரிவுகளுக்கும் ஒதுக்க அரசாணை ஒன்று போதும். வரும் ஜூனில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களின் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும், கூடவே அரசு ஐடிஐகளின் முதலாண்டிலும் இந்த மதிப்பீட்டை நடத்துங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிவதற்குள் அதே பிள்ளைகளிடம் மறுபடியும் நடத்தி, பள்ளிவாரியாக இல்லாமல் வட்டாரவாரியாக முடிவை வெளியிடுங்கள். வினாத்தாள் குழுவைப் பாடநூல் எழுதுபவர்களை மட்டும் வைத்து அமைக்க வேண்டாம். பேட்டையில் சொந்தமாகப் பட்டறை நடத்தும் மூவருக்காவது அதில் இடம் வேண்டும். அவர்களில் ஒருவர் திருமுல்லைவாயல் மகளிர் பேட்டையிலிருந்து வர வேண்டும்.